நாகர் இனம்: குறை ஒண்டு வைச்சால் சமன் ஆகுமா?

28 மே 2025, இரவு 9.12. கேள்வி, வந்தபடியே (புது ஆக்களுக்கு: டி அண்ட் டி எண்டது மேசையைச் சுத்தி இருந்து, ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து, டைஸ் உருட்டி ஆடுற கதை விளையாட்டு. கதையை நடத்துறவர் டிஎம். 1டி6 எண்டால் ஆறுமுக டைஸ் ஒண்டு, டி20 எண்டால் இருபதுமுக டைஸ். அட்வான்டேஜ் எண்டால் டி20ஐ ரெண்டு தரம் உருட்டிப் பெரிசை எடுக்கிறது, டிஸ்அட்வான்டேஜ் எண்டால் சின்னனை. சேவிங் த்ரோ எண்டது ஆபத்தில இருந்து தப்ப உருட்டுறது.)

"டி அண்ட் டி ஐந்தாம் பதிப்புக்கு, 2014 விதிப்படி, நாகர் எண்டு ஒரு இனம் எழுதியிருக்கிறன். டெக்ஸ்டெரிட்டி +2, கரிஸ்மா +1. இருட்டுப் பார்வை 60 அடி. நீந்துற வேகம் 30 அடி, 15 நிமிஷம் மூச்சுப் பிடிக்கலாம். நஞ்சு ஒண்டும் செய்யாது. மந்திரத்துக்கு எதிரான சேவிங் த்ரோ எல்லாத்துக்கும் அட்வான்டேஜ். கடிச்சால் 1டி6, அதோட நஞ்சு 1டி6. சமன் பண்ணுறதுக்கு ஒரு பெரிய குறையும் வைச்சிருக்கிறன்: குளிரான இடத்தில எல்லா ரோலுக்கும் டிஸ்அட்வான்டேஜ். எங்கட டிஎம் பார்த்திட்டு மாட்டன் எண்டுறார். குறை இருக்குத்தானே, பேந்தேன் மாட்டன்?"

28 மே, இரவு 11.05

உங்கட டிஎம் சொன்னது சரி. அவர் என்ன காரணத்துக்குச் சொன்னவரோ தெரியாது, என்ர காரணத்தைச் சொல்லுறன்.

குளிர். உங்கட கதை நடக்கிற இடம் துறைமுகம், தீவு, காடு எண்டு போன கிழமை நீங்களே எழுதியிருந்தனீங்கள். அங்க எப்ப பனி பெய்யப்போகுது? வராத குளிரைக் காட்டி மந்திரத் தடுப்பை வாங்கிப்போட்டீங்கள். சரி, டிஎம் வேணுமெண்டே உங்களைப் பனிமலைக்குக் கூட்டிக்கொண்டு போறார் எண்டு வைப்பம். அப்ப ஒவ்வொரு ரோலுக்கும் டிஸ்அட்வான்டேஜ். ரெண்டாம் நாளே மற்ற ஆக்கள் "நீ கூடாரத்தில இரு" எண்டுவினம். ஒரு இடத்தில குறையே இல்லை, மற்ற இடத்தில விளையாட்டே இல்லை. ரெண்டையும் கூட்டி ரெண்டால பிரிச்சுச் சமன் எண்டு சொல்லேலாது.

புத்தகத்தில இருக்கிற டிரௌ, கோபோல்ட் எண்ட இனங்களுக்கு வெயில் குறை இருக்குத்தானே எண்டு கேட்பீங்கள். நேரடி வெயிலில அடிக்கிற ரோலுக்கும், கண்ணால பார்த்துக் கண்டுபிடிக்கிற ரோலுக்கும் டிஸ்அட்வான்டேஜ். எங்கட மேசையில ஒருத்தர் கோபோல்ட் எடுத்தவர். முதலில எல்லாரும் ஞாபகம் வைச்சிருந்தம். பேந்து டிஎம் மறந்திட்டார் (டிஎம் நான்தான்). ஞாபகப்படுத்தினவுடன அவை கண்டுபிடிச்ச வழி, இரவில மட்டும் பயணம். ஒருத்தற்ர குறைக்காக முழுக் கூட்டமும் பகல் முழுக்க நித்திரை. குறை எண்டது அந்த ஆளுக்கு விழுறேல்லை, மேசைக்குத்தான் விழுது.

29 மே, காலை 7.40

138 பஸ்ஸில நிண்டுகொண்டு எழுதுறன், எழுத்துப் பிழை பார்க்காதேங்கோ.

நீங்கள் எழுதினது முக்கால்வாசி யுவான்-டி, புத்தகத்திலயே இருக்கிற பாம்பு மனிசர் இனம். 2016ல அந்த இனம் வந்தபோது நஞ்சும் ஏறாது, மந்திரத்துக்கும் அட்வான்டேஜ். அப்பவே கன டிஎம்மார் அதைத் தங்கட மேசைக்கு விடேல்லை. 2022ல திருப்பி எழுதேக்க நஞ்சை மட்டும் குறைச்சினம்: அடி பாதி, நஞ்சேறாமல் தப்புற சேவிங் த்ரோவுக்கு அட்வான்டேஜ். மந்திரத் தடுப்பை விட்டுவைச்சினம், ஆனா ஸ்பெல்லுக்கு (ஓதிப் போடுற மந்திரத்துக்கு) மட்டும். முந்தி வேற மந்திரச் சங்கதியளுக்கும் இருந்தது.

ஏன் மந்திரத் தடுப்பை விட்டுட்டு நஞ்சைக் குறைச்சவை எண்டு யோசிச்சுப் பாருங்கோ. இரவு எழுதுறன்.

29 மே, இரவு 10.30

முதல் கணக்கு. அட்வான்டேஜ் எண்டால் +5 மாதிரி எண்டு எல்லாரும் சொல்லுவினம். நடுவில மட்டும்தான் அது சரி. டி20ல 11 வேணுமெண்டால் 50 சதவீதம் 75 ஆகுது. 16 வேணுமெண்டால் 25லயிருந்து 43.75. ஏற்கனவே சுகமான ரோல், 6 போதும் எண்டால், 75லயிருந்து 93.75. பெரிய விஷயம்தான். ஆனா முதல் மூண்டு லெவலில உங்களுக்கு எதிரா எத்தினை பேர் ஸ்பெல் போடுவினம்? கோப்ளின் அம்பு விடும், ஓநாய் கடிக்கும். மந்திரத் தடுப்பு அப்ப சும்மா தாளில கிடக்கும். மேல போகப்போகத்தான் அதின்ர பெறுமதி ஏறும்.

கடி அதுக்கு நேரெதிர். 1டி6 + 1டி6, சராசரி 7. கிரேட்சோர்ட் 2டி6, அதுவும் 7. அந்தப் பெரிய வாளுக்கு ரெண்டு கையும் வேணும், சந்தைக்குள்ள கொண்டு போனால் காவல்காரன் பறிப்பான். உங்கட ஆள் ரெண்டு கையையும் பின்னால கட்டிச் சிறையில போட்டாலும் கிரேட்சோர்டோட இருக்கிறார். முதலாம் லெவலில இது அநியாயம். பத்தாம் லெவலுக்கு மேல வாங்கோ: பிணங்கள், இயந்திரங்கள், பாதாளத்துச் சாமான்கள் கனக்கவுக்கு நஞ்சே ஏறாது. அப்ப நீங்கள்தான் அழுவீங்கள்.

டிரகன்போர்னைப் பாருங்கோ, டிரகன் மாதிரி மூச்சை ஊதி அடிக்கிற இனம். 2014ல மூச்சு 2டி6, ஆறாம் லெவலில 3டி6, பதினொண்டில 4டி6, பதினாறில 5டி6. ஓய்வுக்கு ஒருக்கா. கேட்க நல்லாயிருக்கு. ஆனா ஐஞ்சாம் லெவலில ஃபைட்டர் ஒரு முறைக்கு ரெண்டு தரம் வெட்டுறான், அந்த இடத்தில மூச்சு விட்டால் வாள் வெட்டை இழக்கிறான். அதுதான் கன டிரகன்போர்ன் ஆக்கள் ஊதவே மறந்துபோயினம்.

29 மே, இரவு 10.52

கீழ ஒருத்தர் கேட்டிருக்கிறார், ரோக் எண்ட கள்ளன் பாத்திரத்தை எடுத்தால் கடியோட ஸ்னீக் அட்டாக், எண்டால் அவையின்ர மேலதிக அடி, போடலாமோ எண்டு. இல்லை. அதுக்கு ஃபினெஸ் ஆயுதம் (டெக்ஸ்டெரிட்டியால, சுறுசுறுப்பால, வீசக்கூடியது), இல்லாட்டி தூரத்து ஆயுதம் வேணும். பல் ஃபினெஸ் இல்லை.

31 மே, பின்னேரம் 4.15

நஞ்சுக்கு வாறன், சண்டைக்கான இடம் இதுதான்.

ஒருக்கா ஒரு விருந்துக் காட்சி எழுதினனான். தலைவன் வீட்டில கள்ளு, அதுக்குள்ள நஞ்சு. யார் குடிப்பினம், யார் மணந்து பார்ப்பினம், யார் பக்கத்து ஆளைப் பிடிச்சுத் தள்ளுவினம் எண்டு மூண்டு பக்கம் எழுதி வைச்சிருந்தன். எங்கட மேசையில யுவான்-டி எடுத்தவர் கிண்ணத்தை எடுத்து மடக்மடக்கெண்டு குடிச்சுப்போட்டு "இன்னொண்டு இருக்கோ?" எண்டு கேட்டவர். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சம். நல்லாத்தான் இருந்தது, அண்டைக்கு. அதுக்குப் பிறகு நான் நஞ்சு எழுதுறதையே விட்டிட்டன். அந்தக் கம்பெய்னில நஞ்சு எண்ட சாமானே இல்லாமல் போயிட்டுது. அவருக்கும் அது பிடிக்கேல்லை, ஏனெண்டால் அவற்ர ஒரேயொரு பெரிய சக்தி தூங்குது.

டுவோர்ஃப் எண்ட குள்ளர் இனத்துக்கு நஞ்சில அடி பாதி, சேவிங் த்ரோவுக்கு அட்வான்டேஜ். அதே கிண்ணத்தை டுவோர்ஃப் குடிச்சால் ரெண்டு டி20 மேசையில உருளும். ஒண்டு 4ல நிக்கும், மற்றது தின்னுற ரோல்ஸ் தட்டில முட்டி இன்னும் சுத்திக்கொண்டிருக்கும், ஆறு தலையும் அதுக்கு மேல குனிஞ்சிருக்கும். அந்த நேரத்துக்குத்தான் நாங்கள் கூடுறது. உருட்டினால் நல்லா வருது எண்டுற சக்தி எவ்வளவு பெரிசா இருந்தாலும் என்னால சமாளிக்கலாம். உருட்டவே வேண்டாம் எண்டுற சக்தி சின்னனா இருந்தாலும் ஒரு காட்சியைத் தின்னும்.

2022ல எந்த யோசனையில குறைச்சினமோ, எனக்கு இதுதான் காரணமாப் படுது.

1 ஜூன், இரவு 8.00

நான் டைஸைப் பற்றிக் கதைக்கிறன், ஐஞ்சாறு பேர் நாகர் தமிழரோ இல்லையோ எண்டு தொடங்கியிட்டினம். இந்த நாட்டில அதுக்கு வேற இடங்கள் நிறைய இருக்கு. எங்கட மேசையில தமிழ், சிங்களம், முஸ்லிம் எல்லாரும் இருக்கினம், நாகரை எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் வேற வேற கதையாத் தெரிஞ்சு வைச்சிருக்கினம். அதுதான் நல்ல வசதி.

ஆனா ஒண்டு. கதையளில இருக்கிற நாகரைப் பார்த்தீங்களோ? மகாவம்சத்தில ரெண்டு நாக அரசர், மகோதரனும் சூளோதரனும், ஒரு மணி ஆசனத்துக்காகப் படை திரட்டினம். மணிமேகலையிலயும் மணிபல்லவத்தில ஆசனத்துக்குச் சண்டை. அதே மணிமேகலையில சாதுவன் கப்பல் உடைஞ்சு நாகர் மலையில ஒதுங்குறான். அவை ஆளைத் தின்னுற ஆக்கள். இவனுக்கு அவையின்ர பாஷை தெரிஞ்சபடியால் தப்புறான். நாகர் தலைவன் அவனுக்குக் கள்ளும் இறைச்சியும் குடுக்கச் சொல்லுறான், இவன் வேண்டாமெண்டுறான், பேந்து ரெண்டு பேரும் இருந்து வாதாடுகினம்.

இதுகளில எங்க 1டி6 நஞ்சு? விருந்து இருக்கு, பிடிவாதம் இருக்கு, ஆசனத்துக்கு அடிபாடு இருக்கு. நீங்கள் பாம்பை எழுதியிருக்கிறீங்கள், நாகரை எழுதேல்லை. "நாகரோட ஒரு நேரம் சாப்பிட்ட ஆளிட்ட, அண்டைக்கு அவர் பொய் சொல்லுறாரோ எண்டு பார்க்கிற இன்சைட் ரோலுக்கு அட்வான்டேஜ்" எண்டு ஒரு வரி போடுங்கோ. சண்டைக்கு ஒரு பிரயோசனமும் இல்லாத ரிப்பன் சக்தி. ஆனா உங்கட ஆள் போற ஊரெல்லாம் யாரோடயாவது சாப்பிட இருப்பார், டிஎம்முக்கு ஒவ்வொரு தரமும் ஒரு காட்சி கிடைக்கும்.

2 ஜூன், மதியம்

கருடனும் வேணுமாம், நாகருக்கு எதிரி எண்டு. பறக்கிறதோ? ஃபிளை ஸ்பெல் மூண்டாம் நிலை, மந்திரவாதி விசார்டுக்கு ஐஞ்சாம் லெவலிலதான் கிடைக்கும். அதுக்கு முதல் பிறப்பில இருந்தே பறக்கிறவர் வந்தால் கிடங்கு, மதில், ஆறு எண்டு நான் எழுதுற எல்லாம் வீண். பறவை இனம் அராகோக்ராவுக்கு 2015ல 50 அடி குடுத்தவை, 2022ல 30 ஆக்கினவை. என்ர மேசையில ஐஞ்சாம் லெவல் வரைக்கும் சிறகு சறுக்கிறதுக்கு மட்டும்தான்.

4 ஜூன், இரவு 9.45

15 நிமிஷ மூச்சை ஒருத்தர் "ஓவர்" எண்டு சொல்லியிருக்கிறார். இல்லை ஐயா. விதிப்படி சாதாரண ஆளே 1 + கொன்ஸ்டிடியூஷன் (உடல் உறுதி) போனஸ் நிமிஷம் மூச்சுப் பிடிக்கலாம். +2 உள்ளவனுக்கு 3 நிமிஷம். சண்டையில ஒரு சுற்று 6 செக்கன், அப்ப 30 சுற்று. எந்தச் சண்டை 30 சுற்று போகுது? எங்கட சண்டையள் ஐஞ்சாறு சுற்றோட முடிஞ்சு கொத்து ஓடர் பண்ணப் போயிடும். 15 நிமிஷம் எண்டது லிசர்ட்ஃபோக் எண்ட பல்லி இனத்துக்கு ஏற்கனவே குடுத்ததுதான், எழுதுறதுக்கு வடிவா இருக்கு, அவ்வளவுதான்.

மன்னார்ப் பக்கம், அரிப்பு, சிலாபத்துறையில முத்துக்குளிச்ச ஆக்கள் கல்லில காலை வைச்சுக் கயிற்றோட இறங்கி ஒரு நிமிஷம் சொச்சம்தான் கீழ நிண்டவை. எங்கட முதலாம் லெவல் வீரன் அவையை விட நல்ல குளியாள்! அதை விட அந்தக் கரையில கடல்கட்டி எண்டு ஒரு ஆள் இருந்தவர். சுறாவின்ர வாயைக் கட்டுறதுக்கு மந்திரம் சொல்லுறவர். அவர் இல்லாமல் குளியாட்கள் தண்ணியில கால் வைக்க மாட்டினம், அதால வெள்ளைக்கார அரசாங்கமே அவருக்குச் சம்பளம் குடுத்து வைச்சிருந்தது. உங்கட நாகருக்கு நீந்துற வேகம் இருக்கட்டும். கடல்கட்டியை பேக்கிரவுண்ட் (ஆள் முந்திச் செய்த தொழில்) ஆக்குங்கோ, எந்த இனத்து ஆளும் எடுக்கலாம்.

7 ஜூன், காலை

2024 விதியில என்ன மாற்றம் எண்டு கேட்டவருக்கு: ஸ்டாட் போனஸ் (டெக்ஸ்டெரிட்டி +2 மாதிரி) இனத்தில இல்லை, பேக்கிரவுண்டுக்குப் போயிட்டுது. ஹோம்புரூ, எண்டால் உங்களை மாதிரிச் சொந்தமா எழுதி, செய்யிற ஆக்களுக்கு அது நிம்மதி. முந்தி மலை டுவோர்ஃபுக்கு ரெண்டு இடத்தில +2. 2020ல அதை விரும்பின இடத்துக்கு மாற்றலாம் எண்டவுடன விசார்ட் எல்லாரும் மலை டுவோர்ஃப் ஆகிட்டினம், நடுத்தரக் கவசமும் சும்மா கிடைக்குது. எங்கட மேசை இன்னும் 2014லதான். புதுப் புத்தகத்தின்ர விலை எனக்குத் தெரியும், டொலர் விலையும் தெரியும்.

10 ஜூன், பொசன் போயா, இரவு 11.50

இண்டைக்கு லீவு எண்டபடியால் உங்கட நாகரை விளையாடிப் பார்த்தம். வெள்ளவத்தையில மூண்டாம் மாடி. காலி வீதி தன்சலில (போயாவுக்குச் சும்மா குடுக்கிற இடம்) ஐஸ்கிறீமுக்கு வரிசையில நிண்டு ஒருத்தர் ஒண்டரை மணித்தியாலம் பிந்தி வந்தவர், எங்களுக்கு ஒண்டும் கொண்டு வரேல்லை.

மூண்டாம் லெவல். குளிர்க் குறையை எடுத்தன். நஞ்சு பாதி, சேவிங் த்ரோவுக்கு அட்வான்டேஜ். ஸ்பெல்லுக்கு எதிரான அட்வான்டேஜை அப்பிடியே விட்டுவைச்சன். கடி 1டி6, ஸ்ட்ரெங்த்தோட. நஞ்சு 1டி6, புரொஃபிசியன்சி போனஸ் (மூண்டாம் லெவலில 2) எவ்வளவோ அத்தினை தரம், லோங் ரெஸ்டுக்கு, இரவு நித்திரைக்கு, திருப்பி வரும்.

முதல் சண்டை. ரெண்டு தரம் கடிச்சார், ரெண்டு தரமும் நஞ்சு, முடிஞ்சுது. யோசிக்கவே இல்லை. ஏன் யோசிக்கவேணும்? சும்மா கிடைச்சது, வந்த கையோட செலவு. ரெண்டாவது கடி ஒரு எலும்புக்கூட்டை. எலும்புக்கூட்டுக்கு நஞ்சு ஏறாது. மற்றவை இரவு முழுக்க அவரை விடேல்லை.

தேத்தண்ணி குடிக்கேக்க மாற்றினன். நஞ்சு வேணுமெண்டால் ஒரு ஹிட் டைஸைச் செலவழி, அந்த டைஸை உருட்டி வாறதுதான் நஞ்சு. ஓய்வில காயம் ஆத்துறதுக்கும் அதே டைஸ்தான்.

கடைசிச் சண்டையில அவருக்கு உயிர் 3 ஹிட் பொயின்ட், ஒரு ஹிட் டைஸ் மிச்சம். முன்னால முதலை மாதிரி ஒண்டு, அதுவும் தள்ளாடுது. கடியும் பட்டிட்டுது. டி8ஐ எடுத்து உள்ளங்கையில வைச்சுக்கொண்டு எங்களைப் பார்க்கிறார். காயம் ஆத்துற கிளெரிக் சொல்லுறா, போடாதை, என்னட்ட ஸ்பெல் முடிஞ்சுது, நாளைக்கு நீ எழும்ப அது வேணும். பார்பேரியன் போடு போடு எண்டுறான். விசார்ட், விதியில அதைத் திருப்பி வாங்கலாமோ எண்டு புத்தகம் புரட்டுறார். போட்டார். 2. முதலை இன்னும் நிக்குது. அதின்ர முறை.

அவர் விழுந்தார், கிளெரிக் கைமருந்துப் பையோட ஓடினா. ஆனா இண்டைக்கு எல்லாரும் கதைச்சுக்கொண்டு இறங்கிப் போனது அந்த 2ஐப் பற்றித்தான்.

11 ஜூன், இரவு 10.10

நேற்றையை யோசிச்சுப் பார்க்க, 28ஆம் திகதி எழுதினதுக்கு ஒரு வால் கட்டவேணும். குறையால சமன் பண்ணேலாது எண்டன். பிறக்கேக்கயே ஒட்டின குறையால ஏலாது. பாவிக்கேக்க, அந்த நிமிஷம், கையில இருந்து குடுக்கிற விலையால ஏலும். வெயிலும் குளிரும் டிஎம் ஞாபகம் வைக்கவேண்டியது. ஹிட் டைஸ் அவற்ர தாளில அவரே வெட்டவேண்டியது, ஒருத்தரும் மறக்கமாட்டினம். லெவல் ஏற ஏற டைஸும் கூடும், தனியா ஒரு அட்டவணை தேவையில்லை. பார்பேரியன் நாகருக்கு டி12, விசார்ட் நாகருக்கு டி6, அதுவும் தானா வருது.

மந்திரத் தடுப்பைப் பற்றி ஒருத்தரும் முறைப்பாடு சொல்லேல்லை. சொன்னது எங்கட மொங்க் தங்கச்சி, வேற விஷயத்துக்கு: "அண்ணா, வெறுங்கையால அடிக்கிறது என்ர வேலை. அவர் வந்து அதையும் செய்யிறார்." கணக்குப்படி அவவின்ர அடி கூடத்தான். அவவுக்கு அது ஆறுதல் இல்லை. பொயின்ட் அட்டவணையள் வைச்சு இனங்களை நிறுக்கிற ஆக்கள் இருக்கினம், நானும் பார்க்கிறனான், ஆனா பக்கத்துக் கதிரையில யார் இருக்கிறார் எண்டு அட்டவணையில ஒரு நிரல் இல்லை. மொங்க் இருக்கிற மேசையில கடியை 1டி4 ஆக்குங்கோ. எங்கட மேசையில ஆக்கியிட்டன்.

13 ஜூன், இரவு 7.30

உங்கட விவரணப் பந்தியில "நாகர் இயல்பிலேயே வஞ்சகர், பிற இனத்தாரை நம்பார்" எண்டு இருக்கு. அதை எடுங்கோ. பள்ளிக்கூடப் படிவத்தில இருந்து பொலிஸ் பதிவு மட்டும் இனம் எண்ட கட்டத்தை நிரப்பி வளர்ந்த ஆக்கள் நாங்கள். ஒரு இனம் முழுக்க இப்பிடித்தான் எண்டு சொல்லுறதை ஞாயிற்றுக்கிழமையிலயும் கேட்கவேணுமே? அது போக, விளையாட்டுக்கும் கூடாது: வஞ்சகர் எண்டு எழுதினால் முதல் நாளே கூட்டாளியின்ர பொக்கற்றில கை வைச்சுப்போட்டு "என்ர ஆள் அப்பிடித்தான்" எண்டுவார். "ஆசனத்துக்காக ரெண்டுபட்ட தீவு, நீங்கள் எந்தப் பக்கத்து வீடு?" எண்டு ஒரு கேள்வியா எழுதுங்கோ. பதிலை ஆள் கொண்டு வரட்டும்.

14 ஜூன், காலை 10.00

கேட்டுக்கொண்டே இருக்கினம், அதால முழுக்க எழுதுறன். டெக்ஸ் +2, கரிஸ்மா +1. வேகம் 30, நீச்சல் 30. இருட்டுப் பார்வை 60. மூச்சு 15 நிமிஷம். நஞ்சில அடி பாதி, நஞ்சேறாமல் தப்ப அட்வான்டேஜ். ஸ்பெல்லுக்கு எதிரான சேவிங் த்ரோவுக்கு அட்வான்டேஜ். கடி 1டி4 அல்லது 1டி6, மேசையைப் பார்த்து. கடி பட்டால் ஒரு ஹிட் டைஸ் செலவழிச்சு அந்த அளவு நஞ்சு, ஒரு முறைக்கு ஒண்டுக்கு மேல இல்லை. ஒரு நேரம் கூடச் சாப்பிட்ட ஆளிட்ட இன்சைட்டுக்கு அட்வான்டேஜ். குறை இல்லை.

இன்னும் கொஞ்சம் கனம்தான், யுவான்-டிக்குக் கிட்ட நிக்குது. உங்கட டிஎம் இன்னும் மாட்டன் எண்டால் முதலில இருட்டுப் பார்வையைக் குடுங்கோ, மந்திரத் தடுப்பைக் கடைசியா. ஏ4 தாளில பாதிக்குள்ள அடிச்சு, கொம்யூனிகேஷன் கடையில ரெண்டு கொப்பி எடுத்துக் குடுங்கோ. ஃபோனில காட்டினால் ஒரு டிஎம்மும் வாசிக்கமாட்டார்.

16 ஜூன், இரவு 9.20

டிஎம் ஓம் எண்டிட்டாராம். சந்தோஷம். இப்ப கேள்வி எழுதினவருக்குத் தன்ர நாகருக்கு ஐஞ்சு தலை வேணுமாம், கோயில் சிலையில இருக்கிற மாதிரி. ஐஞ்சு தலையெண்டால் ஒரு முறைக்கு ஐஞ்சு கடியோ எண்டு கேட்கிறார்.

இல்லை. ஒரு கடி. மற்ற நாலும் பார்த்துக்கொண்டிருக்கும்.